நீல ஜக்கில் இருந்தது

பண்டார் தெங்காரா
22.7.2025

தம்பி தீபனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ அனுப்புகிற குரல் பதிவைக்கூட அப்பாதான் முதலில் போட்டுக் கேட்கிறார், அதுவும் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற சத்தத்தில். அதனால்தான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்த பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்ட மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதில் எழுதுவதானால் பள்ளி முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ நடந்துகொண்டது நன்றாகவா இருந்தது? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற ஆடிப் பூசை. செம்பனைக் காட்டுக்குள் அந்த முனியாண்டி கோயிலுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அப்பா முனியாண்டி காலடியில் ஒரு குவளை ஊற்றி, சுருட்டு பற்ற வைத்து, பிறகு ஆம்பளைகள் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். “எம் மகன் அனுப்பினது. ஸ்காட்லாந்து சரக்கு, சும்மா இல்ல” என்று அவர் சொன்னபோது அந்த முகத்தைப் பார்த்தாயா? நீ தாமதமாக வந்தாய். உனக்கும் ஒரு குவளை கொடுத்தார். குடித்தாய். உடனே முகம் மாறிவிட்டது. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். என்னைத் தனியாக இழுத்துப்போய், “இது எங்கேருந்து வந்துச்சுக்கா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாய். “உன் வீட்லேருந்துதான்” என்றேன். கோயிலுக்குப் பின்னால் போனவன், அப்படியே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இலையில் சோறு போட்டு வைத்தது அப்படியே கிடந்தது. அப்பா மூன்று தடவை கேட்டார். ஆபீஸிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்!

சரி, நான்தான் எடுத்தேன். அதற்கு இப்போது என்ன? சாந்தினி தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள், நண்பர்கள் வருகிறார்கள், வந்து சமைத்துக் கொடு என்று நீதானே கூப்பிட்டாய். மட்டன் பிரட்டலும் கோழி வறுவலும் செய்து வைத்துவிட்டு நான் சமையலறையில் நின்றுகொண்டுதான் இருந்தேன். நீங்கள் ஆறு பேரும் அந்தச் சின்னக் கிளாஸில் மூக்கை விட்டு மோந்து மோந்து பார்த்தீர்கள். பிறகு அந்த நீல ஜக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து அதில் கொட்டினீர்கள். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குடிக்கவே தெரியாத கூட்டமாக இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடிக்கக் கடைக்குப் போய்விட்டீர்கள். ஜக் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. பக்கத்திலேயே காலிப் போத்தல் பெட்டியோடு நின்றது. நீ எப்படியும் சிங்க்கில் கொட்டப் போகிறாய் என்று நினைத்து, புனல் வைத்து போத்தலில் ஊற்றி எடுத்து வந்தேன். தம்பி கொடுத்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கொட்டப் போகிற சரக்கைப் பெற்ற தகப்பன் குடித்தால் உனக்கு அவ்வளவு வயிற்றெரிச்சலா? கூடப் பிறந்தவளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாயே தீபன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கஸ்தூரி


ஜொகூர் பாரு
27.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் காரிலேயே பிரித்துப் படித்தேன். சிங்கப்பூர்ப் பாலத்தில் வண்டி நகரவில்லை. படிக்க நேரம் நிறைய இருந்தது.

நீ நினைப்பதுபோல் இல்லை அக்கா. நான் உன்னைத் திருடியாகப் பார்க்கவில்லை. அப்பா குடித்தார் என்பதற்காக வயிற்றெரிச்சலும் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை நான்கைந்து தடவை கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது விருந்து இல்லை. ருசி பார்க்கிற கூட்டம். சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்கிறவர்கள், ஆளுக்கு ஒரு போத்தல் கொண்டு வருவார்கள். வரிசையாக ஊற்றி, முகர்ந்து, வாயில் வைத்து, என்னென்ன ருசி தெரிகிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கடைசியாக எடுப்பதுதான் பெரிய சரக்கு. அது நான் வாங்கி வைத்தது. ஸ்காட்லாந்தில் கரிமண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். சிம்பாங் ரெங்கம் பக்கம் வறட்சி காலத்தில் மண்ணுக்கு அடியில் தீப்பிடித்துப் புகைந்துகொண்டே இருக்குமே, அதே மாதிரி மண். அந்தப் புகையில் வாட்டிய பார்லியில் செய்து, ஷெர்ரி என்கிற ஒயின் இருந்த பீப்பாயில் வருஷக்கணக்கில் போட்டு வைப்பார்கள். அதனால் முதலில் புகை, பிறகு பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, கடைசியில் மறுபடியும் புகை. பார், இதில்கூட நான் எதையோ சொல்லிக்கொண்டு போகிறேன்.

அக்கா, அவர்கள் எல்லாரும் வண்டி ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியவர்கள். அதனால் விழுங்க மாட்டோம். வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவோம். நீல ஜக் அதற்குத்தான். கிளாஸைக் கழுவிய தண்ணீரும் அதில்தான். நீ போத்தலில் ஊற்றியது ஆறு பேர் துப்பியது.

பூசையில் அந்தப் போத்தலைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. காலியான போத்தலில் எப்படிச் சரக்கு என்று. ஆனால் அப்பா கையால் கொடுத்ததை எல்லார் முன்னாலும் எப்படி வேண்டாம் என்பேன்? வாயில் வைத்தேன். புகை இருந்தது. அதற்குக் கீழே அன்றைக்கு ருசி பார்த்த மற்ற சரக்கெல்லாம் கலந்து, தண்ணீராக இருந்தது. எனக்கு நல்ல நாக்கு என்று நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாக்கு எதைக் கண்டுபிடித்தது பார்த்தாயா? எல்லாரும் பார்க்கிறார்களே என்று விழுங்கிவிட்டேன். கோயிலுக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பிறகு அப்பா முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாமல் ஓடி வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக அப்பாவிடம். நம் இரண்டு பேரோடு போகட்டும்.

தீபன்


பண்டார் தெங்காரா
31.7.2025

தீபன்,

உன் கடிதம் வந்த அன்று கறிபப் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். படித்ததும் மாவை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன். இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எச்சிலைச் சாமிக்கு ஊற்ற வைத்தவள் நான். நானும் முனியாண்டி காலடியில் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் கும்பிட்டேன். வீரமுத்து மாமா வயசுக்கும் பூசாரி என்கிற மரியாதைக்கும் முதல் குவளை அவருக்குத்தான் போயிற்று. கண்ணை மூடி, “முனியய்யா” என்று சொல்லிக் குடித்தார். யார் வீட்டு எச்சில் தட்டையும் நான் தொட மாட்டேன் என்று என் மாமியாரிடம் சண்டை போட்டவள் அக்கா என்று கேலி செய்வாயே. இப்போது செய்.

அலமாக், நீ ஏன் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை என்றுதான் கேட்க நினைத்தேன். எதற்குச் சொல்லப் போகிறாய்? சமைக்க வந்தவளிடம் ஜக்கில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? எச்சில் பாத்திரம் என்று தனியாக வைத்துத் துப்பியிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஜக்கிலா துப்புவது?

நான் ஏன் எடுத்தேன் என்பதை முதல் கடிதத்தில் முழுதாக எழுதவில்லை. கொட்டப் போகிறதே என்பதற்காக மட்டும் இல்லை. அந்தக் கடைசிப் போத்தலைத் திறந்தபோது நீ பேசினது எனக்குக் கேட்டது. ஆளாளுக்கு என்னென்னவோ பழத்தின் பேர், பூவின் பேர் சொன்னார்கள். நீ சொன்னாய்: “இது எங்கப்பா சட்டைடா. ரப்பர் எஸ்டேட் ஸ்மோக் ஹவுஸ்லேருந்து வருவாரு பாரு, அப்படியே இதான். நாங்க மூக்கைப் பிடிச்சுக்குவோம். இதுக்குப் போய் இவ்ளோ காசா?” எல்லாரும் சிரித்தார்கள். உன் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. ஒருத்தர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், நீ மூக்கைப் பிடித்துக் காட்டி மறுபடியும் சொன்னாய்.

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து உன் தலையில் போடலாமா என்று நினைத்தேன். பிறகு, அவர் வாசம் என்றால் அவரும் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டுமே என்று தோன்றியது. உன் கண்ணாடி அலமாரியைப் பார்க்கிற போதெல்லாம் அவர் கேட்பார், நீயும், “அது உங்களுக்குப் பிடிக்காதுப்பா” என்று சொல்லி, பீர் எடுத்துக் கொடுப்பாய். அந்தக் கோபத்தில்தான் எடுத்தேன். கோபத்தில் எடுத்தது என்னவாயிற்று பார்.

போத்தலில் இன்னும் கால்வாசி இருக்கிறது. அப்பா அதைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறார். “பால் மாதிரி இறங்குது பாரு, கொஞ்சம்கூட எரியாது. பெரிய சரக்குன்னா அப்படித்தான்” என்கிறார். நான் கொட்டப் போனால் பின்னாலேயே வந்து நிற்கிறார். எனக்கு அந்த மூலையைப் பார்க்கவே முடியவில்லை. நீ வா. வந்து நீயே ஒரு வழி பண்ணு.

கஸ்தூரி


ஜொகூர் பாரு
5.8.2025

அக்காவுக்கு,

நீ அதைக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியவில்லை. நேரில் பேசிக்கொள்வோம்.

அதே சரக்கு, அதே போத்தல், சிங்கப்பூரில் கிடைத்துவிட்டது. உங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிற மனோகரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர், ஒன்றும் கேட்க மாட்டார். அப்பா குளிக்கிற நேரத்தில் பழையதைக் கொட்டிவிட்டுப் போத்தலை வெந்நீரில் நன்றாகக் கழுவு. முன்பு எந்த அளவுக்கு இருந்ததோ அதே அளவுக்குப் புதியதை ஊற்றி அதே இடத்தில் வைத்துவிடு. மீதியை மறைத்து வை. அவருக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையில் இது அதைவிட எவ்வளவோ மேலானது. முதலில் நாக்கில் கரிப்புகை, பிறகு இனிப்பு...

மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

சாமி விஷயத்துக்கு ஏதாவது பரிகாரம் இருந்தால் செய்துவிடு. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்காதே. இந்த மாதம் வேலை அதிகம். அதுவும் உண்மைதான். ஆனால் அப்பா எதிரில் உட்கார்ந்து அவர் அந்தப் போத்தலைப் பெருமையாகக் காட்டினால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீபன்


பண்டார் தெங்காரா
18.8.2025

தீபன்,

நீ போட்ட திட்டம் பிரமாதமாக நடந்தது. கேள்.

போத்தல் வந்தது. அப்பா குளிக்கப் போனார். பழையதைக் கொட்டி, வெந்நீரில் கழுவி, புதியதை அளவு பார்த்து ஊற்றி வைத்தேன். எனக்கே அது ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்தது. அன்றைக்கு அப்பா அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்குக் கொஞ்சம் ஊற்றட்டும் என்று போத்தலோடு வீரமுத்து மாமாவிடம் கொடுத்து அனுப்பினார். மாமா பூசை முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் அப்பா ஒரு மூடி ஊற்றி வாயில் வைத்தார்.

இருமினார் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இது அந்தச் சரக்கு இல்ல” என்றார். “தொண்டையை அறுக்குது. எம் மகன் அனுப்பினது பால் மாதிரி இருந்துச்சு. யாரோ குடிச்சுட்டு சம்சு சாராயத்தை ஊத்தி வெச்சிருக்கான்.” அப்படியெல்லாம் இல்லை என்றேன். பழகப் பழக அப்படித்தான் இருக்கும் என்றேன். கேட்கவில்லை. ஆடிப் பூசைக்குப் பிறகு போத்தல் வீட்டை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவைதான், போனது ஒரே ஒருவர் கையில்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போத்தலோடு கிளம்பிவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கோயில் வாசலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டார்: “ஏன்யா, ஒரு வாய் வேணும்னா கேட்டிருந்தா ஊத்திக் குடுத்திருப்பேன்ல? பூசாரி பண்ற வேலையா இது?” மாமா முதலில் சிரித்தார், விளையாட்டு என்று. பிறகு புரிந்ததும் முகம் செத்துவிட்டது. “ஐயாசாமி, நான் மூடியைத் திறந்து சாமிக்கு ஊத்தினேன், மூடினேன். அவ்ளோதான்” என்றார் அப்பாவிடம். அப்பா போத்தலை அவர் மூக்குக்கு நேராக நீட்டி, “மோந்து பாரு” என்றார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரே தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் தீபன். ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் எச்சிலும் சேர்ந்து வெளியே வருமே. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாள் வீரமுத்து மாமா கோயில் சாவியை அப்பாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். திருடன் கையால் சாமிக்கு விளக்கேற்ற வேண்டாமாம். இரண்டு நாளாக விளக்கு எரியவில்லை. அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்தவனுக்கு ரோஷத்தைப் பார் என்கிறார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

நீ வாங்கி அனுப்பிய உசத்தி சரக்கு ஒரு நல்ல மனிதரைத் திருடனாக்கிவிட்டது. இனிமேல் மனோகரனிடம் எதையும் கொடுத்து அனுப்பாதே. நீ வா.

கஸ்தூரி


ஜொகூர் பாரு
20.8.2025

அக்கா,

சனிக்கிழமை காலையில் வருகிறேன். அன்றைக்குப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு நீ சமைக்கப் போய்விடுவாய் என்று தெரியும். தெரிந்துதான் அந்த நாளை எடுத்தேன். உன் எதிரில் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

இது உன் கைக்கு வருவதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். முடித்திருக்க வேண்டும்.

தீபன்


ஜொகூர் பாரு
25.8.2025

அக்காவுக்கு,

சனிக்கிழமை நீ வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அப்பா உன்னிடம் என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

போர்ச்சில் உட்கார்ந்திருந்தார். மேசையில் அந்தப் போத்தல். என்னைக் கண்டதும், “வாடா, நீ அனுப்பினதை என்ன பண்ணி வெச்சிருக்கானுங்க பாரு” என்று ஆரம்பித்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். நான் எதுவும் அனுப்பவில்லை, முதலில் போத்தலில் இருந்தது ஆறு பேர் துப்பியது, அக்காவுக்குத் தெரியாது, இப்போது இருப்பதுதான் நிஜமான சரக்கு, மாற்றச் சொன்னது நான், வீரமுத்து மாமா தொடக்கூட இல்லை.

திட்டுவார், கையில் கிடைப்பதை எடுத்து எறிவார் என்று எதிர்பார்த்தேன். போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சாமிக்கும் ஊத்திட்டேனே” என்றார். பிறகு, “பால் மாதிரி இருக்குன்னு வேற சொன்னேன்” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாதி தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டார். “கஸ்தூரி ஏன் எடுத்தா? அவ அடுத்தவன் வீட்டுல ஒரு கரண்டியைக்கூட எடுக்கிற புள்ள இல்லயே.”

வீணாகப் போகிறதே என்று எடுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்லவும் ஆரம்பித்தேன். பாதி வார்த்தையில் நின்றுவிட்டது. திருட்டுப் பட்டம் வீரமுத்து மாமாவிடமிருந்து உன் மேல் வந்து உட்காருமே என்று தோன்றியது. சட்டையைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். மூக்கைப் பிடித்துக்கொள்வோம் என்று சொன்னதையும் சொன்னேன்.

“அவங்க சிரிச்சாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாப்பா.”

“நீ?”

“நானும்தான்.”

தலையை ஆட்டினார். குவளையில் கொஞ்சம் ஊற்றி, குடிக்காமல், மூக்குக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் முகர்ந்தார். “இப்படியா அடிச்சுது எம்மேல?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை அக்கா. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். கூட்டத்தில் எத்தனையோ விதமாகப் பேசுகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

குவளையை வைத்துவிட்டு, “வா, வீரமுத்துகிட்ட போவோம்” என்று எழுந்தார். என் காரில் போனோம். நல்ல வெயில், ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து வந்தார். ஏற்றிவிடுங்கள் அப்பா என்றேன். பரவாயில்லை என்றுவிட்டார்.

மாமா வீட்டில் அவர் கையைக் கூப்பிய விதத்தை என்னால் மறக்க முடியாது. “தப்பு எங்க வீட்டுல நடந்துச்சு வீரமுத்து. உன்னைப் போய்ப் பேசிட்டேன்” என்று எல்லாவற்றையும் சொன்னார். எச்சிலையும் மறைக்கவில்லை. என் பெயரையும் உன் பெயரையும் மட்டும் எடுக்கவில்லை. ஆனால் நான் பக்கத்தில்தானே நிற்கிறேன், மாமாவுக்குத் தெரியாதா? கடைசியில் நானே வாயைத் திறந்து, “நான்தான் மாமா” என்றேன். மாமா அப்பா தோளைப் பிடித்து, “விடுய்யா. முனியாண்டி இதைவிட மோசமான சரக்கையெல்லாம் குடிச்சிருக்காரு. கழுவிட்டு, ஒரு பூசை போட்டா முடிஞ்சுது” என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை.

கோயிலைக் கழுவுகிற வேலை என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். பூசைச் சாமான்களை முன்னதாகவே, அடுத்த வாரம் புதன்கிழமை வேலை முடிந்து கொண்டுவந்து கொடுக்கிறேன்.

தீபன்


பண்டார் தெங்காரா
5.9.2025

தம்பி தீபனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, முதல் தடவையாக உன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நின்றுகொண்டே சொன்னாயே, அதற்கு. என் முன்னால் சொல்லத் தைரியம் இல்லை என்றாய். எனக்கும்தான் உன் முன்னால் நிற்கத் தைரியம் இல்லை. அன்றைக்குக் கோயில் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்தானே. நேற்று வீரமுத்து மாமா வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மாமி காப்பி போட்டுக் கொடுத்தாள். குவளையை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மாமா மறுபடியும் சாயங்காலம் வந்து உட்காருகிறார். இரண்டு பேரும் அந்தப் புதுப் போத்தல் சரக்கில் தண்ணீர் கலந்து ஆளுக்கு ஒரு மூடி குடிக்கிறார்கள். “இப்ப பரவால்ல, யாரும் துப்பாமலே பழைய ருசி வந்துடுச்சு” என்று மாமா கேலி செய்கிறார். அப்பாவும் சிரிக்கிறார். அந்தப் பக்கம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை நீ வருவதாகச் சொன்னாய். போனில் நீ சொன்னதை அப்பாதான் கேட்டார். மத்தியானம் எப்போதும்போல் குளித்தார். ஐந்து மணிக்குத் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார். என்னப்பா, வேர்க்குதா என்று கேட்டேன். ஆமா என்றார். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்து, பெட்டியில் இருந்து பிரிக்காமலே வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பவுடர் வேறு. கல்யாண மாப்பிள்ளையா என்று கிண்டல் செய்யத்தான் வாயைத் திறந்தேன்.

“கஸ்தூரி, இங்க வாம்மா. கிட்ட வா. வாசம் ஏதும் வருதா பாரு” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை தீபன். என்ன வாசம் என்று கேட்டேன். அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார். அப்புறம்தான் புரிந்தது. காரில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டது ஏன் என்றும் புரிந்தது.

அப்பா ரப்பர் ஷீட்டைப் புகையில் வாட்டிக்கொண்டிருந்த அந்தப் புகைக்கூடத்தை இடித்து, ரப்பரை வெட்டி, செம்பனை நட்டு, அந்தச் செம்பனையும் கிழடாகி அதையும் வெட்டி மறுபடியும் நட்டாயிற்று. அவர் தோளில் முகத்தை வைத்துப் பார்த்தேன். சந்தன சோப்பு வாசம்தான் இருந்தது. “ஒண்ணும் இல்லப்பா” என்றேன். “உனக்குப் பழகிருக்கும்” என்றார்.

பிறகு போர்ச்சில் இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றைத் தூக்கித் தள்ளிப் போட்டுவிட்டு அதில் உட்கார்ந்தார். நீ பாலத்தில் நெரிசல் என்று திரும்பிப் போய்விட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருட்டும் வரைக்கும் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார். பூசை அன்றைக்கு நேரத்தோடு வா. வீட்டுக்கு வந்து அவரை உன் காரிலேயே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. கண்ணாடியை இறக்க விடாதே.

கஸ்தூரி